வழு, வழாநிலை, வழுவமைதி: தொழிற்சாலையில் கற்கும் இயந்திரப் பார்வை

முன்னுரை

தமிழ் இலக்கணம் பயின்றோர் யாவரும் அறிந்த மூன்று சொற்கள் வழாநிலை, வழு, வழுவமைதி என்பன. மரபு பிறழாது அமைந்த தொடர் வழாநிலை; பிறழ்ந்து அமைந்தது வழு; பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையாக நன்னூல் வழுவைப் பகுக்கிறது. 'கன்று வந்தாள்' என்று மாணவர் எழுதினால் அதனைத் திணை வழு என்று திருத்துகிறோம். தாம் வளர்த்த கன்றை ஒருவர் அன்பு மிகுதியால் 'என் கண்ணம்மா வந்துவிட்டாள்' என்று சொன்னால், உவப்பு என்னும் காரணம் காட்டி அதனை அமைத்துக்கொள்கிறோம்.

இக்கட்டுரையின் பொருள் இலக்கணம் அன்று. தொழிற்சாலையில் உருவாகும் பொருள்களைப் படம்பிடித்து, 'இது நன்று, இது பழுது' என்று தரம் பிரிக்கும் இயந்திரப் பார்வை பற்றியது. முன்பு அவ்வியந்திரங்களுக்கு விதிகளை எழுதிக் கொடுத்தனர். இப்போது எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கற்பிக்கின்றனர். இம்மாற்றத்தைப் பொறியியலாளர் தம் துறைச் சொற்களால் விளக்குவர். மொழியியல் பயின்ற நமக்கோ இது நன்கு பழகிய ஒரு சிக்கலாகவே தோன்றுகிறது. வழுவையும் வழுவமைதியையும் பிரிக்கும் எல்லை எங்கே இருக்கிறது, அதனை வரைபவர் யார் என்பதே அச்சிக்கல்.

1. நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவர்கள்

இதனை அயலார் செய்தியாக நாம் கருத வேண்டியதில்லை. பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரத்தில் 1972-ஆம் ஆண்டு முதலே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் முதலான எட்டு நிறுவனங்கள் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் குறிப்பிடுவர். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அத்தொழிற்சாலைகளில் பணியாற்றினர். முடியினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைப்பதும், இணைத்தவற்றை நுண்ணோக்கி வழியே நோக்கிப் பழுதானவற்றை ஒதுக்குவதும் அவர்களது பணியாயின.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தாயார் அவ்வாறு பல்லாண்டு பணியாற்றியவர். பழுதை எவ்வாறு கண்டறிவீர்கள் என்று ஒருமுறை அவரிடம் வினவினோம். அவரால் விதியாக எதையும் சொல்ல இயலவில்லை. மேசையிலிருந்த கரண்டியை எடுத்து விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்பிக் காட்டினார். ஒளி ஓரிடத்தில் தடைப்பட்டால் அங்கே கண் தானே நின்றுவிடும் என்றார். தாய்மொழி பேசுவோரிடம் 'இத்தொடர் ஏன் பிழை?' என்று கேட்டால் கிடைக்கும் விடையும் இத்தகையதே. பிழை என்பதை உடனே உணர்வர். காரணத்தைச் சொல்லத் தடுமாறுவர். அறிவு உண்டு, அதனை விதியாக எடுத்துரைக்கும் சொல் இல்லை.

இன்று அந்த நுண்ணோக்கிகளின் இடத்தைப் பெரும்பாலும் ஒளிப்படக் கருவிகள் பிடித்துவிட்டன. அத்தகைய ஆய்வுக் கருவிகளை உருவாக்கும் நிறுவனங்களும் பினாங்கிலேயே தோன்றியுள்ளன. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விட்ராக்ஸ் அவற்றுள் ஒன்று.

2. விதி சொல்லிப் பார்க்கச் செய்தல்

இயந்திரம் படத்தை எண்களாகவே காண்கிறது. நீளத்தில் ஆயிரம், அகலத்தில் ஆயிரம் எனப் படப்புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தில் பத்து இலட்சம் எண்கள் உள்ளன. முழு இருட்டு 0. முழு வெளிச்சம் 255. இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் இவற்றுக்கு இடைப்பட்ட எண்கள்.

உலோகத் தகட்டில் ஒரு மெல்லிய கீறல் உள்ளதாகக் கொள்வோம். ஒரு வரிசையில் அடுத்தடுத்த புள்ளிகள் 200, 200, 200 என இருப்பின் அங்கே பழுதில்லை. 200, 40, 200 என இருப்பின் நடுவே ஓர் இருண்ட கோடு உண்டு. இதனைக் கண்டறியப் பொறியாளர் ஓர் எளிய வழியைக் கையாண்டார். மூன்று புள்ளிகளையும் முறையே –1, 2, –1 என்னும் எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் வரிசைக்கு விடை 0. இரண்டாம் வரிசைக்கு விடை –320. பூச்சியத்திலிருந்து விடை எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு ஐயம் கொள்ள வேண்டும். இம்முறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மெல்லக் கூடுவதால் 180, 190, 200 என எண்கள் அமைந்தாலும் விடை 0 ஆகவே வரும். வெளிச்சத்தின் சீரான ஏற்றத்தாழ்வைக் கீறலென்று இயந்திரம் மயங்காது.

அளவு பார்த்தல், துளை உண்டா என நோக்குதல், அச்சிட்ட எழுத்தைப் படித்தல் ஆகியவற்றுக்கு இத்தகைய விதிகள் இன்றும் சிறப்பாகப் பயன்படுகின்றன. ஆனால் மரப்பலகையின் வரியும் கீறலும் இருண்ட கோடுகளே. தோலின் இயல்பான சுருக்கமும் வெட்டும் ஒன்றுபோல் தோன்றும். பற்றாசு வைத்த இணைப்புகளில் ஒன்றின் பளபளப்பு மற்றொன்றில் இராது. ஆயினும் இரண்டும் நல்லனவாக இருக்கக்கூடும். இவ்விடங்களில் ஒரு விதிக்கு ஒரு புறனடை, புறனடைக்கு மற்றொரு புறனடை என எழுதிக்கொண்டே செல்ல வேண்டியதாகிறது. இலக்கண நூல் எழுதுவோர் அறிந்த துன்பம் இது.

3. எடுத்துக்காட்டால் கற்பித்தல்

மேலே கண்ட –1, 2, –1 என்னும் எண்களைத் தேர்ந்தவர் பொறியாளர். அவ்வெண்களை இயந்திரமே தேடிக்கொள்ளுமாறு விடுவதே கற்பிக்கத்தக்க இயந்திரப் பார்வையின் அடிப்படை.

முதலில் எண்கள் ஏனோதானோவென்று வைக்கப்படும். பழுதுள்ளது, பழுதற்றது என மனிதர் பெயரிட்ட படங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். இயந்திரம் ஒரு விடை கூறும். அவ்விடை மனிதர் இட்ட பெயரிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, அவ்விலகல் குறையும் திசையில் எண்கள் சிறிதளவு மாற்றப்படும். பல்லாயிரம் முறை இவ்வாறு மாற்றிய பின்னர், கீறலுக்கும் வரிக்கும் இடையே மனிதர் கண்ட வேறுபாட்டை ஒத்த வேறுபாட்டை அவ்வெண்கள் காட்டத் தொடங்குகின்றன. கோடுகளை அறியும் அடுக்கின்மேல் வடிவங்களை அறியும் அடுக்கு, அதன்மேல் உறுப்புகளை அறியும் அடுக்கு எனப் பல அடுக்குகள் அமைவதால் இதனை ஆழ்கற்றல் என்கிறோம்.

இக்கருத்து நேற்று முளைத்ததன்று. ஜப்பானிய அறிஞர் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980-இல் 'நியோகாக்னிட்ரான்' என்னும் அடுக்கு வலையமைப்பை வெளியிட்டார். 1989-இல் யான் லெகுன் முதலானோர் அமெரிக்க அஞ்சல் உறைகளில் கையால் எழுதப்பட்ட குறியீட்டு எண்களைப் படிக்குமாறு ஒரு வலையமைப்பைப் பயிற்றினர். 2012-இல் நடைபெற்ற இமேஜ்நெட் போட்டியில், ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் படங்களைக் கற்ற ஆழ்வலையமைப்பு ஒன்று பிற முறைகளைப் பெரிதும் விஞ்சியது. அதன் பின்னரே தொழிற்சாலைகளும் இம்முறையை ஊன்றி நோக்கலாயின.

பயிற்சிக்குக் காட்டிய படங்களைக் கொண்டே இயந்திரத்தைத் தேர்வு செய்தல் கூடாது. வினாத்தாளை முன்னரே படித்துவிட்ட மாணவர் பெறும் மதிப்பெண் போன்றதே அத்தேர்வின் முடிவு. இயந்திரம் தவறானதைக் கற்றுக்கொள்வதும் உண்டு. நல்ல பொருள்களை ஒரு நாளிலும் பழுதான பொருள்களை மற்றொரு நாளில் வேறு விளக்கின் கீழும் படம்பிடித்தால், இயந்திரம் பழுதை விட்டுவிட்டு விளக்கைக் கற்றுக்கொள்ளும். பயிற்சி நாளில் அது தவறே செய்யாது; விளக்கை மாற்றிய நாளில் ஒன்றுமே அறியாததாகிவிடும்.

4. நல்லவற்றை மட்டும் காட்டுதல்

தொழிற்சாலையில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நன்றாக நடைபெறும் தொழிற்சாலையில் பழுதான பொருள்கள் மிகக் குறைவு. பழுதுகளின் வகையோ எண்ணற்றது. நாளை எத்தகைய பழுது வரும் என்று முன்கூட்டி அறிய இயலாது. அவ்வாறாயின் பழுதுக்கு எடுத்துக்காட்டுகளை எங்கே தேடுவது?

இதற்குக் கண்ட தீர்வு மொழி மாணவர்க்கு வியப்பூட்டுவது. நல்ல பொருள்களை மட்டுமே காட்டி, அவற்றின் இயல்பிலிருந்து விலகுவதையெல்லாம் ஐயுறுமாறு இயந்திரத்தைப் பயிற்றுகின்றனர். ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த எம்விடெக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இம்முறைகளை ஒப்பிடுவதற்கென 2019-இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டனர். புட்டி, திருகாணி, மாத்திரை, பல்துலக்கி, தோல், கம்பளம், மரம் முதலாகப் 15 வகைப் பொருள்களின் 5,354 படங்கள் அதில் உள்ளன. பயிற்சிக்குரிய 3,629 படங்களும் பழுதற்ற பொருள்களைக் காட்டுவன. பழுதான பொருள்களை இயந்திரம் தேர்வின்போதே முதன்முதலாகக் காண்கிறது.

குழந்தை மொழி கற்பதும் ஏறக்குறைய இவ்வாறே. பிழையான தொடர்களைப் பட்டியலிட்டு யாரும் குழந்தைக்குக் கற்பிப்பதில்லை. சுற்றத்தார் பேசும் இயல்பான பேச்சைக் கேட்டே அது வளர்கிறது. ஆயினும் இதுவரை கேட்டிராத பிழைத்தொடர் ஒன்றைக் கேட்டவுடன் நகைக்கிறது. வழாநிலையில் தோய்ந்தவர்க்கு வழு தானே புலப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எவற்றை நல்லன என்று காட்டுகிறோமோ அவையே இயந்திரத்தின் உலகம். வெளிர்நிறத் தோல்களை மட்டும் காட்டிப் பயிற்றினால், கருநிறத் தோல் முழுவதும் அதற்குப் பழுதாகவே தோன்றும். தோலில் குறையில்லை, காட்டிய தொகுப்பே குறையுடையது.

5. இரு வகைத் தவறுகள்

'இவ்வியந்திரம் 99 விழுக்காடு சரியாகச் செய்கிறது' என்னும் கூற்றைக் கேட்டு மயங்குதல் எளிது. ஆயிரம் பொருள்களில் ஐந்து பழுதானவை எனக் கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'நன்று' என்று சொல்லும் இயந்திரமும் 99.5 விழுக்காடு சரியாகவே சொல்லியிருக்கும். ஆனால் ஒரு பழுதையும் கண்டிராது.

ஆதலால் தவறுகளை இரண்டாகப் பிரித்துக் காண வேண்டும். பழுதானதை நன்றென்று விடுதல் ஒன்று. நல்லதைப் பழுதென்று தள்ளுதல் மற்றொன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளில் 10,000 பொருள்கள் வருகின்றன; அவற்றுள் 50 பழுதானவை. இயந்திரம் 49 பழுதுகளைக் கண்டுபிடிக்கிறது. ஒன்றை மட்டுமே தவறவிடுகிறது. மீதமுள்ள 9,950 நல்ல பொருள்களில் இரண்டு விழுக்காட்டை, அதாவது 199 பொருள்களை, வீணே தள்ளுகிறது. தள்ளப்பட்டவை மொத்தம் 248. அவற்றுள் உண்மையான பழுது 49 மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மிகத் திறமையான இயந்திரம் வந்த பின்னரும், தள்ளப்பட்ட கூடையை மீண்டும் நோக்கும் ஒருவர் தொழிற்சாலைக்குத் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

ஒரு தவறைக் குறைத்தால் மற்றது கூடும். பொம்மையின் வண்ணத்தில் ஒரு புள்ளியைத் தவறவிடுதல் சிறு இழப்பு. மருத்துவக் கருவியின் இணைப்பில் ஒரு விரிசலைத் தவறவிடுதல் உயிரிழப்பாகலாம். இரண்டையும் எடையிட்டு நடுக்கோட்டை எங்கே நிறுத்துவது என்னும் முடிவு மனிதருடையது. இயந்திரத்தின் எண்களுக்குள் அதற்கு விடை இல்லை.

6. இருவர் கண்ணும் ஒன்றா?

இயந்திரம் கற்பது மனிதர் இட்ட பெயர்களிலிருந்து. அம்மனிதர்கள் தம்முள் ஒத்த கருத்துடையவர்களா? இவ்வினாவை மொழியியலார் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். ஒரு தொடரை ஏற்கத்தக்கதா எனப் பலரிடம் வினவித் தொகுக்கும்போதெல்லாம் கருத்து வேறுபாட்டை அளக்க வேண்டியுள்ளது. அதற்கு நாம் பெரிதும் பயன்படுத்தும் அளவை, ஜேக்கப் கோஹென் 1960-இல் வெளியிட்ட 'கப்பா' என்பதாகும்.

இரு ஆய்வாளர்கள் 100 படங்களைத் தனித்தனியே நோக்குகின்றனர் எனக் கொள்வோம். 80 படங்களை இருவரும் 'நன்று' என்கின்றனர். 8 படங்களை இருவரும் 'பழுது' என்கின்றனர். எஞ்சிய 12 படங்களில் ஆறினை ஒருவரும், மற்ற ஆறினை மற்றவரும் மட்டுமே பழுது என்கின்றனர். ஒற்றுமை 88 விழுக்காடு. மகிழத்தக்கதே எனத் தோன்றும். ஆனால் இருவரும் 100-இல் 86-ஐ 'நன்று' என்பவர்கள். படத்தையே பாராது அதே அளவில் பெயரிட்டிருந்தாலும் தற்செயலாக ஏறத்தாழ 76 விழுக்காடு ஒற்றுமை வந்திருக்கும். தற்செயலைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் கப்பா ஏறத்தாழ 0.50. முழு ஒற்றுமைக்கு உரிய அளவு 1. எனவே, தற்செயலை விஞ்சி இருவரும் அடைந்திருக்கக்கூடிய ஒற்றுமையில் பாதியையே அடைந்துள்ளனர்.

பழுது எனத் தனித்து நின்ற படங்களைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். இருவருள் ஒருவரேனும் பழுது என்றவை 20; இருவரும் ஒத்துரைத்தவை 8 மட்டுமே. ஆசிரியர்களே இவ்வாறு முரண்பட்டால் மாணவராகிய இயந்திரம் எதைக் கற்கும்?

முரண்பாட்டுக்கு ஒரு காரணம் சொல்லின் தெளிவின்மை. கீறல், சிராய்ப்பு, விரிசல், பிளவு ஆகியவற்றை ஒரே பொருளில் வழங்குதல் அன்றாடப் பேச்சில் குற்றமன்று. தர ஆய்வில் அவ்வாறு வழங்குதல் இயலாது. கூரிய முனை பட்டு மேற்பரப்பில் விழுந்த கோடு கீறல். பரப்போடு பரப்பு உரசி மேற்பூச்சுத் தேய்ந்தது சிராய்ப்பு. பொருளின் உட்சென்ற மெல்லிய இடைவெளி விரிசல். இரு பகுதியும் விலகி நின்றால் பிளவு. முதலிரண்டும் தோற்றத்தைக் கெடுப்பன. பின்னிரண்டும் வலிமையைக் கெடுப்பன. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டோடு எழுதிவைத்த பின்னரே படங்களுக்குப் பெயரிட வேண்டும். கலைச்சொல்லாக்கம் அகராதிக்கு மட்டும் உரிய பணி என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

7. வழுவமைதியை வரையறுப்பவர் யார்?

மின்னணு இணைப்புகளின் ஏற்புத்தன்மைக்கு உலகெங்கும் பயன்படும் ஐபிசி-ஏ-610 என்னும் தரநிலை, பொருள்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. பொதுப் பயன்பாட்டுப் பொருள்கள் முதல் வகுப்பு. இடையறாது நெடுநாள் உழைக்க வேண்டியவை இரண்டாம் வகுப்பு. உயிர்காக்கும் கருவிகள் போல ஒருகாலும் தவறக் கூடாதவை மூன்றாம் வகுப்பு. ஒரே வகையான இணைப்பு முதல் வகுப்பில் ஏற்கப்பட்டு மூன்றாம் வகுப்பில் தள்ளப்படலாம். படம் ஒன்றே, எண்கள் ஒன்றே, தீர்ப்பு வேறு.

இதுவே வழுவமைதியின் இலக்கணம். ஒரு விலகல் அமையுமா அமையாதா என்பதைத் தொடரின் வடிவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சொல்பவர், கேட்பவர், சூழல், நோக்கம் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. விலகலைக் காணும் ஆற்றலில் இயந்திரம் மனிதரை விஞ்சக்கூடும். அது களைப்படையாது, கண் எரிச்சலும் அதற்கு இல்லை. எனினும் அவ்விலகலை எக்காரணத்தால் பொறுக்கலாம் என்பதை அறிய அப்பொருள் எங்கே, யாருக்குப் பயன்படப் போகிறது என்று அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவு படத்தினுள் இல்லை.

நுண்ணோக்கியின் முன் பல்லாண்டு அமர்ந்தவர்களிடம் அவ்வறிவு இருந்தது. எக்கீறல் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும், எக்கறை துடைத்தால் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவை விதியாகவும் சொல்லாகவும் பெயரிட்ட படமாகவும் பெற்றுக்கொள்ளாமல் அவர்களை வீட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை, தன் ஆசிரியரை இழந்த பின்னர் மாணவரைப் பள்ளிக்குச் சேர்ப்பது போன்றதாகிறது.

8. வகுப்பறையில் ஒரு பயிற்சி

இக்கருத்துகளை உணர்வதற்குக் கணினி தேவையில்லை. பள்ளி வளாகத்தில் ஒரே மரத்தின் இலைகள் நாற்பதைத் திரட்டி எண்ணிடுக. இரு மாணவர்கள் ஒருவரையொருவர் கலவாமல் ஒவ்வோர் இலையையும் 'நல்லது', 'பழுதானது' எனக் குறிக்கட்டும். பின்னர்க் குறிப்புகளை ஒப்பிட்டு, எத்தனை இலைகளில் வேறுபட்டனர் என்று கணக்கிடுக. வேறுபட்ட இலைகளை மட்டும் மேசைமேல் பரப்பி, பழுது என்பதற்கு ஒரு வரையறையைத் தமிழில் எழுதச் செய்க. அவ்வரையறையை மற்றோர் இருவரிடம் கொடுத்துப் புதிய நாற்பது இலைகளைப் பிரிக்கச் சொல்லுக. ஒற்றுமை கூடியதா என்று காண்க. கூடாவிடின் குறை மாணவரிடம் இல்லை, வரையறையைத் திருத்துக. பின்னர், அவ்விலை உரமாகப் போகிறதா, தோரணமாகப் போகிறதா என்று கேளுங்கள். எல்லைக்கோடு இடம்பெயர்வதை மாணவர்கள் தாமே காண்பர்.

முடிவுரை

தகட்டின் கீறலைக் காணும் அதே முறைகள் எழுத்தில் உள்ள பிழையையும் காணப் பயன்படுகின்றன. மாணவர் கட்டுரைகளை இயந்திரம் திருத்தும் நாளில், அதற்கு 'நல்ல தமிழ்' என்று காட்டப்பட்ட தொகுப்பில் நம் நாட்டு வழக்குகள் இடம்பெறாவிடின், கம்பமும் பசியாறுதலும் அதற்கு வழுவாகவே தோன்றும். வெளிர்நிறத் தோலை மட்டும் கண்ட இயந்திரத்தின் கதை அங்கும் நிகழும். எவை நல்லன என்று தொகுக்கும் பணியிலும், எவை அமையும் என்று காரணம் காட்டும் பணியிலும் நாம் பங்கேற்க வேண்டும்; இயந்திரம் பயின்று முடித்த பின்னர் முறையிடுவதால் பெரும்பயன் விளையாது.

தொழிற்சாலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் அவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர்க்கும் நாம் கூற விழைவது இதுவே. இயந்திரம் ஒன்றைப் பழுதென்று ஒதுக்கும்போது, 'எதனைக் காட்டிக் கற்பித்தீர்கள், யார் பெயரிட்டார், எக்காரணத்தால்?' என்று கேட்கப் பழகுங்கள். இலக்கண வகுப்பில் வழுவமைதிக்குக் காரணம் கேட்டுப் பழகியவர்க்கு இவ்வினா புதிதன்று.